ஏற்காட்டில் பெண்கள் மட்டும் தங்கும் இரண்டு இரவுக் கூடார முகாம்: எப்படி ஆயத்தமாவது?

சேர்வராயன்மகள்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி மாதக் கடைசி வார இறுதியில், ஏற்காட்டில் உள்ள என் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் நாங்கள் 14 பெண்கள் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கவிருக்கிறோம். எங்களுள் இளையவருக்கு 23 வயது, மூத்தவருக்கு 58 வயது. ஒருவரைத் தவிர வேறு எவரும் இதுவரை வெட்டவெளியில் உறங்கியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற பெண்கள் முகாம் ஒன்றுக்குப் பணம் கட்டிச் சென்றிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடாரங்கள் எல்லாம் அடித்து முடிக்கப்பட்டிருந்தன. சோறு சமைத்து வந்தது, தீயை வேறொருவர் மூட்டினார், நாங்கள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஊர் திரும்பியபோது ஒரு முளையை எந்தச் சாய்வில் அடிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. இம்முறை ஒவ்வொருவரும் தம் கையாலேயே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, திசை பார்த்து, முதலுதவி பழகித் திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.

மூவர் படுக்கும் கூடாரங்கள் ஆறு கிடைத்துள்ளன. எங்களுக்குள் இன்னும் முடிவாகாதவை இரண்டு. இரவில் தீ மூட்டிக் குளிர் காயலாமா என்பது ஒன்று. காவலுக்கு ஆண்கள் இருவர் உடன் வர வேண்டும் என்று சில வீடுகளில் வற்புறுத்துவது மற்றொன்று. அனுபவம் உள்ளவர்கள் இவற்றைப் பற்றியும், நான் கேட்கத் தெரியாமல் விட்டவற்றைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன்.

கயிறும்முடிச்சும்:

நல்ல முயற்சி, தங்கையே. தேசிய மாணவர் படையில் பல ஆண்டுகள் மாணவிகளுக்குப் பயிற்சி அளித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முகாம் மலையில் தொடங்குவதில்லை, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொடங்குகிறது. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னரே ஆறு கூடாரங்களையும் பிரித்து அடித்துப் பாருங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது. அதற்குப் பதிலாகச் செங்கல்லையோ நீர் நிரப்பிய கேனையோ கட்டி இழுக்கலாம். முதல் முறை பகலில், இரண்டாம் முறை விளக்கணைத்துத் தலைவிளக்கின் ஒளியில், மூன்றாம் முறை கூடாரத்தின்மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். தையல் ஓரம் பிரிந்த கூடாரமும் கம்பு விரிசல் விட்ட கூடாரமும் மாடியிலேயே அகப்பட்டுவிட்டால் மலையில் எவரும் நனைய வேண்டியதில்லை.

முளையைக் கூடாரத்திலிருந்து விலகிச் சாயுமாறு, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் அடிக்க வேண்டும். கயிறு இழுக்கும் திசைக்கு எதிராக முளை சாய்ந்திருந்தால்தான் அது பிடுங்கிக்கொண்டு வராது.

முடிச்சுகளில் மூன்று போதும். இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சு ஒன்று, மரத்தையோ கழியையோ சுற்றிக் கட்டும் முடிச்சு ஒன்று, கையால் நகர்த்தினால் நகர்ந்து, கயிறு விறைத்ததும் அதே இடத்தில் பற்றிக்கொள்ளும் முடிச்சு ஒன்று. பெண்களுக்கு இவை வராது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. குழந்தைக்குத் தூளி கட்டியவருக்கும், பேசிக்கொண்டே முல்லையைக் கண்ணி வைத்துத் தொடுப்பவருக்கும் இவற்றைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும் என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இடம் தேர்வதில் ஓர் எச்சரிக்கை. ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிச் செடிகளுக்கு நிழலாகச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கும், அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அந்த மரத்தின் கிளைகள் எளிதில் முறிபவை. அதனடியில் கூடாரம் அடிக்காதீர்கள். அண்ணாந்து பார்த்து, உயர்ந்த கிளைகளில் மலைத்தேனீயின் கூடு தொங்குகிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். தேனடை இருந்தால் அந்தப் பக்கம் புகையும் கூடாது, வாசனைத் திரவியமும் கூடாது.

தாம்பரத்துக்காரி:

நானும் அந்த 14 பேரில் ஒருத்தி. சென்னையிலிருந்து நாங்கள் ஐவர் ரயிலில் சேலம் வருகிறோம். சிறிய எரிவாயுக் குப்பியையும் முகாம் அடுப்பையும் இங்கிருந்தே வாங்கி வரட்டுமா, அக்கா? சேலத்தில் கிடைக்குமா என்று தெரியாததால் கேட்கிறேன்.

கயிறும்முடிச்சும்:

எக்காரணம் கொண்டும் ரயிலில் கொண்டுவராதீர்கள். எரிவாயு உருளை எந்த அளவினதாக இருந்தாலும் பயணியர் பெட்டியில் எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. அடுப்பு, குப்பி இரண்டையும் சேலத்திலிருந்து காரில் செல்பவர்கள் ஏற்பாடு செய்யட்டும். மலைமேல் அடுப்பை எப்போதும் கூடாரத்துக்கு வெளியிலேயே வைத்துப் பயன்படுத்த வேண்டும். கூடாரத் துணியில் தீப்பிடிப்பது ஒரு பக்கம் இருக்க, மூடிய கூடாரத்துக்குள் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் எழாமலே போகக்கூடும்.

வைகைக்கரை:

தீயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று எங்கள் மாவட்டத்துக் குரங்கணி மலையில், வார இறுதி மலையேற்றம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் இளம்பெண்கள் பலர். உங்களைப் போலவே ஆசையோடும் நட்போடும் மலைக்கு வந்தவர்கள் அவர்கள். எங்கள் ஊரில் அந்த மாதத்தை எவரும் மறக்கவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை அறிவித்து, இணையவழிப் பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளும் இருக்குமாறு ஏற்பாடு செய்தது. தோட்டத்தை விட்டுக் காட்டுக்குள் ஒரு நடை போகலாம் என்று எவரேனும் அங்கே சொன்னால், அந்த வழியில் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும்.

உங்கள் முகாம் தனியார் நிலத்தில் நடப்பதால் அந்த விதி தங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கலாம். ஆனால் தீப்பொறி பட்டா நிலம், காப்புக்காடு என்று பார்த்துப் பறப்பதில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். ஜனவரி இறுதியில் புல் மஞ்சளாகத் தொடங்கிவிடும், பகலில் காற்றும் இருக்கும். தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும் என்பதை அனைவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. தீயின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்னரே உலர்த்திவிடுவதால் அப்படி நிகழ்கிறது. எனவே தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடக் கூடாது. காய்ந்த புல்லும் புதரும் மண்டிய ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கவும் கூடாது; அது புகைபோக்கியைப் போலத் தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ, சாலையையோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்தையோ அடைய வேண்டும். முகாமுக்குப் போனதும் முதல் வேலையாக, அப்படி ஒன்றுகூடுவதற்கான இடத்தை 14 பேரும் நடந்தே சென்று பார்த்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், தீயே வேண்டாம்.

கொல்லிச்சாரல்:

வைகைக்கரை அக்கா சொல்வதன் கனத்தை நான் உணர்கிறேன். ஆயினும் முழுமையாக உடன்பட முடியவில்லை. தீ மூட்டத் தெரியாதவருக்கு அதை அணைக்கவும் தெரியாது. திறன்களைக் கற்பதற்காகவே நடத்தும் முகாமில், பாதுகாப்பாக மூட்டி முழுமையாக அணைக்கும் பயிற்சியை விட்டுவிட்டால், பின்னாளில் எங்கோ ஓரிடத்தில் பயிற்சியின்றி மூட்டுவார்கள். காப்பித் தோட்டம் என்றால் பழத்தை உலர்த்தும் சிமெண்டுக் களம் இருக்கும். அதன் ஓரத்தில், இரும்புச் சட்டியில், இரண்டு வாளி நீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் மட்டும் மூட்டலாம் அல்லவா?

வைகைக்கரை:

சிமெண்டுக் களம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. புல்லோ சருகோ இல்லாத தளம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனவரியில் அறுவடை நடக்கும். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருக்கும். ஒரு மூலையை ஒதுக்கித் தருமாறு தோட்டத்தாரிடம் முன்னரே கேளுங்கள். காற்று வீசினால் அன்றைக்குத் தீ இல்லை என்று மறுபேச்சின்றி ஏற்க வேண்டும். நீரை ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின்மேல் புறங்கையை நீட்டிப் பார்த்துச் சூடே இல்லை என்று தெரிந்த பிறகுதான் படுக்கப் போக வேண்டும். தீயருகே அமர்பவர்கள் பருத்தியோ கம்பளியோ உடுத்தட்டும். பாலியெஸ்டர் உடையில் பொறி விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

செவிலிஅன்பு:

நான் 19 ஆண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றுகிறேன். நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெண்கள் முகாமில் நான் கண்ட முதல் உடல்நலச் சிக்கல் பாம்போ காயமோ அல்ல. கழிப்பிடம் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, மறுநாள் சிறுநீர்த் தொற்றோடும் தலைவலியோடும் படுத்துவிடுவதுதான். ஆகவே, கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போதே கழிப்பிடத்துக்கும் இடம் பாருங்கள். ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 60 மீட்டருக்குக் குறையாத தொலைவில், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பயன்படுத்தியதும் மண் போட்டு மூட வேண்டும். மூங்கில் கழி நான்கு நட்டு மறைப்புக் கட்டலாம். பழைய புடவையைக் கட்டுவது பலருடைய வழக்கம். ஆனால் இரவில் உள்ளே விளக்கு வைத்தால் நிழல் அப்படியே புடவையில் விழும் என்பதை ஒருவர் கூசி நின்ற பிறகே நாங்கள் உணர்ந்தோம். கெட்டியான தார்ப்பாயாக இருக்கட்டும். இரவில் இருவராகவே போகட்டும்.

மாதவிடாய் நாளாக அமைந்தால் வரவேண்டாம் என்று எவரும் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள வேண்டியதில்லை. சமைப்பதற்கும், ஒன்றாகப் படுப்பதற்கும் அதில் தடை ஏதும் இல்லை என்பதை ஏற்பாட்டாளர் முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது; சொல்லாவிட்டால் ஒருவர் சொல்லாமலே வருந்துவார். பயன்படுத்திய அணையாடைகளை (நாப்கின்) காட்டில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. தாளில் சுற்றி, இறுக மூடும் பையில் இட்டு, ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய்க் குப்பி பயன்படுத்த விரும்புபவர் வீட்டில் இரண்டு மாதமாவது பழகியிருக்க வேண்டும். மலையில் முதன்முறையாக முயல்வது துன்பம்.

இனிப் பாம்பைப் பற்றி. இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. அதற்கான நஞ்சைச் சேகரிப்பதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. காப்பிச் செடிகளுக்குள் பச்சை நிறக் குழிவிரியன் இலையோடு இலையாகப் படுத்திருக்கும். கிளைகளுக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குபவர்களைக் கடிப்பது. பல நேரம் வலியே தெரியாது. விடிகாலையில் வயிற்று வலியும் இமை சரிவதும்தான் அறிகுறியாக வரும். கூடாரத்தின் இழுபூட்டை (ஜிப்) நுழைந்த உடனேயும் வெளியேறிய உடனேயும் மூடுவதைப் பழக்கமாக்குவது இதற்காகத்தான். காலணியை உதறாமல் அணியக் கூடாது.

கடித்துவிட்டால் இறுகக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதைப்போலக் கழி வைத்து அசையாமல் கட்டுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறிய பிறகு மெட்டி விரலை நெரித்து இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். மெட்டியையே வெட்டி எடுக்க வேண்டிய நிலையில் பலரை நான் பார்த்திருக்கிறேன். கழற்ற மனம் வராத நகை எதுவானாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருமாறு இப்போதே சொல்லிவிடுங்கள். 108 வண்டியை அழைப்பதோடு நில்லாமல், தோட்டத்தில் எப்போதும் ஒரு காரும் ஓட்டத் தெரிந்தவர் இருவரும் இருக்க வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வேண்டும் என்பதால், ஏற்காடு அரசு மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து இருப்பு உண்டா என்பதை முதல் நாளே நேரில் கேட்டு வைத்துக்கொள்வது தேவை.

இன்னொன்று. முகாம் முடிந்து மூன்று வாரத்துக்குள் எவருக்கேனும் கடும் காய்ச்சல் வந்தால், மலையில் தங்கி வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புதர்களில் உள்ள நுண்ணிய உண்ணிகள் கடிப்பதால் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வரும். இடுப்பு, அக்குள் போன்ற மறைவிடங்களில் சுட்ட புண்போன்ற கறுத்த பொருக்கு தென்படலாம். காலத்தோடு கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் மருந்தில் குணமாகிவிடும். சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகக்கூடும்.

ஆத்தூர்அத்தை:

அந்த 58 வயதுக்காரி நான்தான். செவிலி அம்மா எழுதியதைப் படித்ததும் மெட்டியைக் கழற்றுவதா என்று என் மனம் முதலில் தயங்கியது. பிறகு, சமையலறையில் சோப்பு நீர் தடவிக் கழற்றிப் பார்த்தேன். 36 ஆண்டுகளில் முதன்முறையாகக் கழன்றது. வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். எனக்கு முழங்கால் வலி உண்டு. தரையில் படுத்து எழ முடியுமா என்பதுதான் கவலை.

செவிலிஅன்பு:

அத்தை, இன்றிலிருந்தே தினமும் இரு முறை தரையில் பாய் விரித்து அமர்ந்து, கையூன்றி எழுந்து பழகுங்கள். பாயின்கீழ் நுரைமெத்தை ஒன்று கூடுதலாகப் போடட்டும்; தரையின் குளிர்தான் மூட்டை அதிகம் இறுக்கும். உங்களுக்குக் கூடார வாசலை ஒட்டிய இடத்தைத் தர வேண்டும். கால் நோகாமல் நடக்க ஒரு கைத்தடியும் கொண்டுவாருங்கள்.

வடகுளிர்:

நான் அமெரிக்காவில், மின்னசோட்டாவில் வசிக்கிறேன். காவலுக்கு ஆண்கள் வேண்டுமா என்ற கேள்விக்காக இதை எழுதுகிறேன். 1991இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் வளாகத்தில், கிறிஸ்டின் தாமஸ் என்னும் பேராசிரியை பெண்களுக்கென்றே ஒரு வார இறுதிப் பயிற்சியைத் தொடங்கினார். அதற்கு முன் நடந்த ஒரு கருத்தரங்கில், பெண்களை வெளிப்புறச் செயல்களிலிருந்து தடுப்பவை எவை என்று பட்டியலிட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவை கற்றுக்கொடுக்க ஆளின்மையோடு தொடர்புடையவை என்று தெரிய வந்ததாம். மீன்பிடித்தல், படகு செலுத்துதல், திசையறிதல், கூடாரம் அடித்தல் என்று வகுப்புகள் பிரிந்திருக்கும் அந்தத் திட்டம் இன்று பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. நானும் ஒரு முறை கலந்துகொண்டேன். அங்கே கற்பித்தவர்களுள் ஆண்களும் இருந்தார்கள். ஆனால் கற்பவரின் கையிலிருந்து கருவியை வாங்கித் தாமே செய்துகாட்டிவிடுபவர் எவரும் இல்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உடன் வரும் ஆண் நல்லவராகவே இருப்பார். அன்பினாலேயே சுத்தியலை வாங்கி முளையை அடித்துத் தந்துவிடுவார். அப்படியானால் நம் கை கற்காமலே போகும்.

கொல்லிச்சாரல்:

நான் சொல்ல நினைத்ததும் அதுவே. காவலைப் பொறுத்தவரை வெளியூர் ஆண்கள் இருவரைவிட, தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டிலேயே குடியிருக்கும் காவல்காரரும் அவர் மனைவியும் மேல். காட்டெருது எந்த வழியாக இரவில் நீருக்கு இறங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த வழியில் கூடாரம் இருக்கக் கூடாது என்பதே பெரிய காவல். சேர்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவரை அரை நாள் கற்பிக்க அழைக்க முடிந்தால் இன்னும் நன்று. ஆனால் ஆசிரியருக்குரிய ஊதியம் தந்தே அழைக்க வேண்டும், விருந்தாளி என்று சொல்லிச் சும்மா அழைத்துவிடக் கூடாது. ஏற்காடு காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலும் நாட்களும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 ஆகிய எண்கள் ஒவ்வொருவருடைய கைபேசியிலும் இருக்கட்டும். தோட்டத்தில் எந்த இடத்தில் அலைவரிசை கிடைக்கிறது என்பதைக் கண்டறிந்து, அங்கே ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

கயிறும்முடிச்சும்:

திசையறிவைப் பற்றி எவரும் எழுதவில்லை. காலையில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் கல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு கல் வையுங்கள். முதற்கல் இருப்பது மேற்கு, இரண்டாம் கல் கிழக்கு. இரவில் துருவ விண்மீனைத் தேடி ஏமாற வேண்டாம். ஏற்காட்டிலிருந்து அது தொடுவானுக்கு மேலே 12 பாகை அளவிலேயே இருப்பதால் மலையும் மரமும் மறைத்துவிடும். ஜனவரி இரவில் திருவாதிரையும், அதற்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களும் எளிதில் தெரியும். அந்த மூன்றும் ஏறத்தாழ நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறைபவை. நள்ளிரவுக்குப் பின் கண்விழிப்பவர்கள் அவை சாயும் பக்கத்தைப் பார்த்து மேற்கைச் சொல்லட்டும்.

சேர்வராயன்மகள்:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்று மாலை எங்கள் 14 பேரிடமும் பேசினேன். தீ, களத்தின் வடமூலையில், காற்றில்லாத இரவில், ஒரு மணி நேரம் மட்டும்; வைகைக்கரை அக்கா சொன்ன ஒன்றுகூடும் இடமாகத் தோட்டத்து வாயிலை ஒட்டிய தார்ச்சாலையைத் தேர்ந்திருக்கிறோம். ஆண்கள் உடன் வரவில்லை. வற்புறுத்திய இரண்டு வீடுகளுக்கும் நானே நேரில் சென்று, காவல்காரர் குடும்பம், கார், மருத்துவமனை, காவல் நிலையம் ஆகிய ஏற்பாடுகளை எழுதிக் காட்டினேன். ஒரு வீட்டில் உடனே ஒப்புக்கொண்டார்கள். மற்றொரு வீட்டில் நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அந்தத் தோழிக்காகக் கூடாரத்தில் ஓரிடத்தை வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் முதல் ஒத்திகை. ஒவ்வொருவரும் இரண்டு செங்கல்லும் ஒரு தலைவிளக்கும் கொண்டுவாருங்கள். ஆத்தூர் அத்தை, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். தூளி கட்டும் முடிச்சை எங்களுக்கு நீங்கள்தான் முதலில் காட்டித் தரப்போகிறீர்கள்.